மில் லாக்ஸ் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை: தூண்டில் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மில் லாக்ஸ் ஏரியில் வாலாய் (walleye) மீன் குறைந்துபோனது பற்றி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறைக்கு, நம் பேச்சில் டி.என்.ஆருக்கு, நீங்கள் எழுதிய மனு என்னிடமும் கையெழுத்துக்கு வந்தது. நிதானமாகப் படித்தேன். உங்களில் பலரோடு ஒரே படகில் உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறேன். உங்கள் வீடுகளில் வாலாய் வறுவல் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் பதில் சொல்லாமல் நழுவிவிட மனசு வரவில்லை. மனுவில் இருக்கும் வருத்தம் என்னுடையதும்தான். கோரிக்கைகளோடுதான் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொருவரிடமும் தனியாக விளக்குவதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

மனு மூன்று விஷயங்களைக் கேட்கிறது. இந்த மண்ணின் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் வசந்த காலத்தில் போடும் செவுள் வலைகளை, அதாவது மீனைச் செவுளில் சிக்கவைக்கும் வலைகளை, தடை செய்ய வேண்டும். ஏரியில் லட்சக்கணக்கில் வாலாய் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட வேண்டும். ஸ்மால்மவுத் பாஸ் மீனை வரம்பில்லாமல் பிடிக்க அனுமதிக்க வேண்டும். முதல் கோரிக்கைக்குத்தான் அதிக பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். நானும் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

ஆனால் முதலில் வருத்தம். புதிதாகத் தூண்டில் பிடிக்க வந்த தம்பிகளுக்கு இந்த ஏரி என்னவாக இருந்தது என்று தெரியாது. மினியாபோலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களிலிருந்து வடக்கே சுமார் 100 மைல். பரப்பு 1,32,000 ஏக்கருக்கும் மேல். மாநிலத்துக்குள்ளேயே முழுதாக அடங்கும் ஏரிகளில் ரெட் லேக்குக்கு அடுத்த இடம். இவ்வளவு அகன்று கிடந்தாலும் அதிகபட்ச ஆழம் சுமார் 42 அடிதான். தெற்கே பாறைத் திட்டுகள், வடக்கே சேற்று மேடுகள். காற்று அடித்தால் அடிவரை கலங்கும். அந்தக் கலங்கல்தான் வாலாய்க்கு வேண்டியது. அதன் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மற்ற மீன்களுக்குத் தெரியாதது இதற்குத் தெரியும். அந்தி நேரம், மேகம் மூடிய நாள், அலை எழுந்த தண்ணீர், இவையெல்லாம் அது வேட்டையாடும் வேளைகள். கேரிசன் ஊரில் ஏரிக்கரையில் நிற்கும் அந்தப் பெரிய வாலாய் சிலைக்கு முன்னால் நாம் எல்லோரும் படம் எடுத்திருக்கிறோம். 1965 முதல் இது மாநில மீன். அந்தச் சிலையைச் சுற்றியிருக்கும் ஊர்கள், கேரிசனும் ஐலும் வாகனும் மால்மோவும், பல தலைமுறைகளாக இந்த ஒரு மீனை நம்பியே ரிசார்ட் கட்டின, லாஞ்ச் படகு ஓட்டின, குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் சாலை போட்டு, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் ஐஸ் ஹவுஸ் குடில்களை வாடகைக்கு விட்டன.

அப்புறம் என்ன நடந்தது என்பதை ஒதுக்கீட்டுக் கணக்கே சொல்லிவிடும். ஒவ்வொரு ஆண்டும் இந்த ஏரியிலிருந்து எத்தனை பவுண்டு வாலாயைப் பாதுகாப்பாக எடுக்கலாம் என்று மாநிலமும் பழங்குடி அரசுகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. 2013-ல் அது 2,50,000 பவுண்டு. 2014-ல் 60,000. 2015-ல் 40,000. அந்த 40,000-இல் தூண்டில்காரர்களுக்கு 28,600 பவுண்டு கிடைத்தது. அதுவும் கோடை முடியுமுன்பே தீர்ந்துபோய், ஆகஸ்ட் 3 அன்று வாலாய் பிடிப்பதையே நிறுத்தினார்கள். சீசன் நடுவில் இப்படி மூடினால் ரிசார்ட்டில் அறை பதிவு செய்தவர்கள் வருவார்களா? வரவில்லை. 2016, 2017, 2018 மூன்று கோடைகளிலும் பிடித்ததைத் திரும்ப விட வேண்டும் என்பதே விதி. அப்புறம் விதிகள் மெல்லத் தளர்ந்தன, இடையிடையே மறுபடி இறுகின. மாநிலத்தின் மற்ற ஏரிகளில் பல்லாண்டுகளாக ஆறு வாலாய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தபோது இங்கே ஒன்றுக்கு அல்லாடினோம். கோபம் வருவதில் ஆச்சரியமே இல்லை.

அந்தக் கோபம் போய் நிற்கும் இடம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

“வலை வந்த பிறகுதான் மீன் போனது” என்று மனுவின் முதல் பக்கம் சொல்கிறது. பழங்குடியினரின் வலைப்பிடிப்பு 1998 வசந்தத்தில் தொடங்கியது உண்மை. அது எப்படி வந்தது என்பதை மனு சொல்லவில்லை. 1837 ஜூலை 29 அன்று ஒஜிப்வே மக்கள் இன்றைய மின்னசோட்டா, விஸ்கான்சின் பகுதிகளில் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். அரசுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது அங்கே நின்ற பைன் மரங்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள் ஒன்றை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்: அதே நிலத்திலும் நீரிலும் வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், காட்டு அரிசி சேகரிக்கவும் உள்ள உரிமை. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் அது இருக்கிறது. பிறகு 1850-இல் ஜனாதிபதி சக்கரி டெய்லர் அதை ரத்து செய்வதாக ஆணையிட்டார். மாநிலம் உருவானதும் மாநிலச் சட்டங்களைக் காட்டி அவர்களைக் கைது செய்தார்கள். மில் லாக்ஸ் பழங்குடி அரசு 1990-இல் வழக்குப் போட்டது. 1999-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. டெய்லரின் ஆணை செல்லாது, மாநிலம் உருவானதால் உரிமை போய்விடவில்லை, பின்னால் வந்த 1855 ஒப்பந்தமும் அதைப் பறிக்கவில்லை என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார்.

ஆக, வலையைத் தடை செய் என்று நாம் டி.என்.ஆரிடம் கேட்பது, அந்தத் துறையின் கையில் இல்லாத ஒன்றைக் கேட்பது. படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நிலத்தைக் கொடுத்து வாங்கிய உரிமையை, அந்த நிலத்தில் நேற்று வீடு வாங்கிய நாம் சலுகை என்று எழுதுகிறோம். மனுவில் அந்தச் சொல் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பக்கத்து விஸ்கான்சினில் இதே கோபம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1983-இல் அங்கே ஒரு நீதிமன்றம் இதே மாதிரியான உரிமையை உறுதிசெய்தது. அதன் பிறகு அந்தப் பத்தாண்டின் கடைசிவரை, வசந்த இரவுகளில் ஈட்டியோடு மீன்பிடிக்க வந்த ஒஜிப்வே குடும்பங்களைப் படகுத்துறையில் கூட்டம் சூழ்ந்துகொண்டு கல் எறிந்தது, இனவெறி வசை பாடியது. வாலாயைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் அவர்களும் வந்தார்கள். நம் மனு அந்தக் கூட்டத்தோடு சேர்ந்ததல்ல, தெரியும். ஆனால் அந்த வரலாறு தெரிந்த ஒருவர் நம் முதல் பக்கத்தைப் படித்தால் நம்மை எந்தப் பக்கம் வைப்பார்?

சரி, உரிமையை விட்டுவிடுவோம், கணக்கைப் பார்ப்போம். வலை தனியாக, தூண்டில் தனியாக மீனை எடுப்பதில்லை. ஒரே ஒதுக்கீட்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். 2013-ல் 2,50,000 பவுண்டில் பழங்குடியினருக்கு 71,250, நமக்கு 1,78,750. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இதே விகிதம்: நூற்றுக்கு எழுபத்தொன்றரை நமக்கு. எட்டுப் பழங்குடி அரசுகள் மீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவர்கள் பிடிக்கும் மீனைக் கரையிலேயே எண்ணி, எடைபோட்டுப் பதிவு செய்கிறார்கள். நம் பக்கம் அப்படி முடியாது. படகுத்துறையில் சிலரிடம் கேட்டு, மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். இரண்டில் எந்தக் கணக்கு துல்லியமானது என்று நீங்களே சொல்லுங்கள். வலையால் ஏரிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று நான் வாதாடவில்லை. எடுக்கும் ஒவ்வொரு மீனும் எடுத்த மீன்தான். ஆனால் பெரிய பங்கு நம் கையில் இருக்கும்போது சிறிய பங்கை மட்டும் குற்றம் சொல்லும் மனு எப்படி நிற்கும்?

“முட்டையிடும் காலத்தில் வலை போடலாமா? நம்ம ஊரில் தடைக்காலம் இருக்கிறதே” என்று மனுவை எழுதிய அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மாதங்களின் மீன் விலை இன்னும் ஞாபகம் இருக்கும். ஆனால் அங்கே இத்தனை டன்தான் பிடிக்கலாம் என்று ஒரு அளவு கிடையாது. அதனால் நாளைக் குறைத்துப் பிடிப்பைக் குறைக்கிறார்கள். மில் லாக்ஸில் அளவு நிர்ணயித்திருக்கிறார்கள். அந்த அளவுக்குள் ஏப்ரலில் வலையில் சிக்கும் பெண் மீனும், ஜனவரியில் பனிக்கட்டித் துளை வழியாக நாம் மேலே தூக்கும் பெண் மீனும் அந்த வசந்தத்தில் முட்டையிடப் போவதில்லை. இரண்டும் ஒன்றுதான்.

இதைவிட முக்கியமானது, இந்த ஏரியில் முட்டைக்குப் பஞ்சம் கிடையாது. டி.என்.ஆர். 2014-ல் வெளியாட்களைக் கொண்டு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பால் வெஞ்சுரெல்லி அதற்குத் தலைமை தாங்கினார். முட்டையிடும் மீன் போதுமான அளவு இருக்கிறது, குஞ்சுகளும் ஏராளமாகப் பொரிக்கின்றன, ஆனால் முதல் இலையுதிர்காலத்தைத் தாண்டிய பிறகு இரண்டாம், மூன்றாம் வயதுக்குள் பெரும்பாலானவை காணாமல் போய்விடுகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். 2013-ல் பிறந்த குஞ்சுகள் மட்டும் நல்ல எண்ணிக்கையில் பிழைத்து வந்தன. பிறகு பல ஆண்டுகள் ஏரியைத் தாங்கியதே அந்த ஒரு தலைமுறைதான்.

ஏன் சாகின்றன? மனு எழுதியவர்கள் இங்கேதான் அதிக நேரம் செலவிட்டிருக்க வேண்டும்.

ஏரித் தண்ணீர் தெளிந்துவிட்டது. இது எண்பதுகளிலிருந்தே தொடங்கிய மாற்றம்; கரையோர வீடுகளின் கழிவுநீர் ஒழுங்காகக் கையாளப்பட்டதும் ஒரு காரணம். அது நல்ல விஷயம்தான். 2005-ல் ஸீப்ரா சிப்பி வந்தது. விரல் நகம் அளவுக்கு இருக்கும் அந்தச் சிப்பிகள் ஏரியின் அடியெல்லாம் படர்ந்து தண்ணீரை ஓயாமல் வடிகட்டுகின்றன. நுண்பாசி குறைகிறது, வெளிச்சம் ஆழம்வரை இறங்குகிறது. 2009-ல் முள்வால் நீர்த்தெள்ளு என்ற சின்னஞ்சிறு நீருயிரி வந்தது. குஞ்சு மீன்கள் தின்ன வேண்டிய நுண்ணுயிர்களை அது தின்கிறது. குஞ்சுகளால் அதைத் தின்ன முடிவதில்லை, நீண்ட முள் தொண்டையில் சிக்கும். இதற்கெல்லாம் முன்பே, 1998-ல், யூரேசிய நீர்க்களை வந்திருந்தது. வலை தொடங்கிய அதே ஆண்டு. ஆண்டுக் கணக்கைப் பார்த்துத்தான் குற்றவாளியைக் கண்டுபிடிப்போம் என்றால், அந்தக் களையும் அதே வரிசையில் நிற்கிறது.

தெளிந்த தண்ணீர் நமக்கு அழகு. மங்கலில் வேட்டையாடும் மீனுக்கு அது வீடு சுருங்குவது. வாலாய்க்குத் தேவையான வெளிச்சமும் தேவையான வெப்பமும் ஒன்றாக அமையும் பகுதி இந்த ஏரியில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்றும், அதோடு சேர்ந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடிய அளவும் குறைந்துவிட்டது என்றும் கிரெட்சன் ஹான்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2019-ல் காட்டினார்கள். கரையோரம் தெளிந்ததும் குஞ்சுகள் இன்னும் சிறியதாக இருக்கும்போதே நடு ஏரிக்கு இறங்குகின்றன. அங்கே பெரிய வாலாய்களே காத்திருக்கின்றன. ஆமாம், வாலாய் தன் இனத்துக் குஞ்சையே தின்னும். நார்த்தர்ன் பைக் என்ற வேட்டை மீனும் தின்னும். இதற்கிடையில் டல்லிபி குறைந்துவிட்டது. குளிர்ந்த நீரில் வாழும் கொழுப்பு மிகுந்த மீன் அது. வெப்பமான கோடைகளில், அடியில் பிராணவாயு குறையும்போது, செத்து மிதக்கும். டல்லிபி இருந்தால் பெரிய வேட்டை மீன்களுக்கு வயிறு நிறையும். அது இல்லாதபோது பெர்ச் என்ற சிறு மீனையும் வாலாய் குஞ்சையும் தேடிப் போகின்றன. ஏரி சூடாகும்போது இது இன்னும் மோசமாகும்.

இந்தப் பட்டியலில் எதையும் வலைத்தடையால் சரிசெய்ய முடியாது.

குஞ்சு விடும் யோசனையும் இதே சுவரில்தான் முட்டுகிறது. எல்லோரும் ரெட் லேக்கை உதாரணம் காட்டுகிறீர்கள். அந்த ஏரியின் கதை வேறு. அங்கே தொண்ணூறுகளில் அளவுக்கு மீறி மீன் எடுத்ததால் வாலாய் வீழ்ந்தது. முட்டையிடும் மீனே மிஞ்சவில்லை. ரெட் லேக் பழங்குடி அரசு 1997-ல் தன் வணிக மீன்பிடிப்பைத் தானே நிறுத்தியது, பிறகு மாநிலமும் 1999-ல் தன் பகுதியை மூடியது. 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் குஞ்சுகளை விட்டார்கள். 2006-ல் ஏரி மறுபடி திறந்தது. எத்தனை பேருடைய பொறுமையால் நடந்த மீட்சி அது என்று நினைத்தால் இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. வலை போடுகிறவர்கள் மீனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று சொல்பவர்கள் அந்த 1997-ஐ நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் மில் லாக்ஸில் குஞ்சுகள் ஏற்கெனவே இருக்கின்றன; பிழைப்பதுதான் இல்லை. இன்னும் ஒரு லட்சம் கொண்டுவந்து விட்டால் அவையும் அதே வாய்களுக்குத்தான் இரையாகும்.

ஸ்மால்மவுத் பாஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பெருகியிருப்பது உண்மை. ஆனால் அது முக்கியமாகத் தின்பது க்ரேஃபிஷ் என்ற, இறால் போன்ற நன்னீர் உயிரியை. வாலாய் இல்லாமல் தவித்த ரிசார்ட்டுகளுக்குக் கொஞ்சம் கைகொடுத்ததே அந்த மீன்தான். 2017-ல் ஒரு தேசியப் பத்திரிகை இந்த ஏரியை நாட்டின் தலைசிறந்த பாஸ் ஏரி என்று முதலிடத்தில் வைத்தது. கேரிசனில் கடை வைத்திருப்பவர்களிடம் அந்தக் கோரிக்கையைக் காட்டிவிட்டு அப்புறம் மனுவில் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. “போன வருஷம் நன்றாகக் கடித்தது, இந்த வருஷம் கடிக்கவே இல்லை, ஒரே வருஷத்தில் மீன் தீர்ந்துவிட்டது” என்று மனுவில் ஒரு பத்தி வருகிறது. கடியை வைத்து எண்ணிக்கையைச் சொல்ல முடியாது, அதிலும் இந்த ஏரியில். பெர்ச் குஞ்சு ஏராளமாக இருக்கும் ஆண்டில் வாலாய்க்கு வயிறு நிறைந்திருக்கும், நம் அட்டையையும் மண்புழுவையும் திரும்பிப் பார்க்காது. தீனி குறைந்த ஆண்டில் எதைப் போட்டாலும் பாயும். தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்த சில கோடைகள் ஏரிக்குப் பட்டினிக் கோடைகள். அதனால்தான் டி.என்.ஆர். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அதே இடங்களில் சோதனை வலை போட்டு எண்ணிக்கையைப் பார்க்கிறது. அந்த முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. மனுவோடு இணைக்க வேண்டியவை அவை. நம் கைபேசிப் படங்கள் அந்த வேலையைச் செய்யாது.

இனி நம்மைப் பற்றி. மனுவில் தூண்டில்காரர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான்.

பிடித்துத் திரும்ப விடும் மீன் எல்லாம் பிழைப்பதில்லை. எத்தனை சாகும் என்பது தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. இதே மில் லாக்ஸில் டி.என்.ஆர். ஆய்வாளர்கள் தூண்டிலில் சிக்கிய வாலாய்களைக் கூண்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கும்வரை சாவு மிகவும் குறைவு. அதற்கு மேலே போனதும் வேகமாகக் கூடுகிறது. கொக்கியைத் தொண்டைவரை விழுங்கிய மீனின் நிலைமை இன்னும் மோசம். இப்படிச் செத்துப்போகும் மீன்களின் எடையையும் மதிப்பிட்டு நம் பங்கிலிருந்துதான் கழிக்கிறார்கள். ஒரு வாலாய்கூட வீட்டுக்கு எடுத்துப்போகாத கோடைகளிலும் நம் ஒதுக்கீடு தீர்ந்துகொண்டே போனதற்கு இதுதான் காரணம். ஜூலை மதியத்தில், தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கும்போது, மீன் மீனாகப் பிடித்து, படம் எடுத்து, விட்டுவிட்டு, “நாங்கள் எதையும் எடுக்கவில்லை” என்று சொல்கிறோம். எடுத்திருக்கிறோம். நமக்கும் உதவாமல், ஏரிக்கும் உதவாமல் எடுத்திருக்கிறோம்.

எனவே இதை உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன், டி.என்.ஆர். வழியாக அல்ல. தண்ணீர் 70-ஐத் தாண்டினால் அன்றைக்கு வாலாயை விட்டுவிடுங்கள். பாஸ் பிடியுங்கள், பிள்ளைகளோடு நீந்துங்கள். வாலாய்தான் வேண்டும் என்றால் மே மாதத்தில், செப்டம்பருக்குப் பிறகு வாருங்கள். விழுங்கிய கொக்கியைப் பிடுங்காதீர்கள், தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். படத்துக்காக மீனைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வேறு ஏரியிலிருந்து படகு கொண்டுவருகிறவர்கள் தண்ணீரை முழுக்க வடித்து, காயவைத்த பிறகே இறக்குங்கள். மில் லாக்ஸிலிருந்து கிளம்பும்போது இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே இருக்கும் சிப்பியையும் நீர்த்தெள்ளையும் களையையும் அவை இன்னும் பரவாத ஏரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் படகாக இருக்கக்கூடாது. இரை வாளியில் மிச்சமிருக்கும் தண்ணீருக்கும் இதே விதிதான். சட்டமும் இதைத்தான் சொல்கிறது.

டி.என்.ஆர். மேல் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சீசன் நடுவில் மூடுவது, கடைசி நேரத்தில் விதியை மாற்றுவது, இவற்றால் அடிபட்டவர்கள் ஏரிக்கரைச் சிறு முதலாளிகள். அவர்கள் ஒரு வருஷத்துக்கு முன்பே திட்டம் போட வேண்டியவர்கள். 2013, 2014-ல் 18 முதல் 20 அங்குல வாலாயை மட்டும்தான் பொதுவாக எடுக்கலாம் என்றார்கள். அவ்வளவு குறுகிய அளவுக்குள் எல்லோருடைய தூண்டிலையும் தள்ளினால் அந்த ஒரு அளவு மீன் மட்டும் எத்தனை ஆண்டு தாங்கும்? இதையெல்லாம் கடுமையாகவே கேட்கலாம். கேட்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் மனு எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள் என்றால், அது இளம் மீன்களில் ஆரம்பிக்கும். முதல் இலையுதிர்காலத்துக்கும் மூன்றாம் வயதுக்கும் நடுவில் அவை எங்கே போகின்றன, யார் வாய்க்குப் போகின்றன என்ற ஆய்வுக்குத் தடையில்லாமல் பல ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லும். கோடையில் ஏரியின் வெப்பநிலையைத் தினமும் அறிவிக்கவும், சூடான நாட்களில் வாலாய் பிடிப்பதைக் கட்டுப்படுத்தும் விதியை முன்கூட்டியே சொல்லவும் கேட்கும். அடுத்த கோடையின் விதி, குளிர்காலம் முடியுமுன்பே ரிசார்ட் நடத்துகிறவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கும். படகுத்துறைகளில் சோதனையாளர்களைக் கூட்டச் சொல்லும். பழங்குடி அரசுகளின் மீன்வள விஞ்ஞானிகளையும் டி.என்.ஆர். விஞ்ஞானிகளையும் ஒரே மேடையில் உட்காரவைத்து நம்மிடம் பேசச் சொல்லும். இரு தரப்பும் ஒதுக்கீட்டைப் பேசித்தான் முடிவு செய்கின்றன, ஆனால் நம் காதுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வருகிறது. இந்த ஏரியில் நம்மைவிடப் பல நூறு ஆண்டுகள் அதிகமாக மீன் பிடித்தவர்களிடம் நாம் ஒரு கேள்விகூட நேரில் கேட்டதில்லை.

மில் லாக்ஸ் மீன்வளத்துக்கென்று ஓர் ஆலோசனைக் குழுவை டி.என்.ஆர். 2015-ல் அமைத்தது. அதன் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாம். நம் ஆட்கள் அங்கே போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். காரில் இடம் இருக்கிறது. வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம். மனுவைத் திருத்தி எழுத நேரம் வேண்டும் என்றால் என் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். முதல் பக்கத்தை எடுத்துவிட்டு, நம்மைப் பற்றிய பத்தியைச் சேர்த்தால், என் பெயரை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே அனுப்புவது என்றால் என்னை விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு அதே ஏரியில் தூண்டில் போடும் ஒருவன்